முட்டைக்கு முன்னால் நோட்டீஸ்!

கோழி முதலில் வந்ததா, முட்டை முதலில் வந்ததா? உலகம் தோன்றிய நாளாகப் பட்டிமன்றம் நடக்கிற இந்தக் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டும் இல்லை சார். முதலில் வந்தது நோட்டீஸ்!

இங்கிலாந்தின் மேற்கு ஓரம், ஹெர்ஃபோர்ட்ஷயர் மாவட்டம். வேல்ஸ் எல்லையை உரசிக்கொண்டு இருக்கிற ஒரு குட்டிக் கிராமம். சந்து முனையில் ஒரு மரக்கம்பம். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு அதில் ஒரு காகிதத்தைக் கட்டியிருந்தார்கள். பஸ் டைம்டேபிள் என்று நினைத்து ஆவலாகக் கிட்டே போனேன். (அந்த ஊரில் பஸ்ஸைவிட டைம்டேபிள்தான் அடிக்கடி கண்ணில் படும்.) படித்தால்... இன்ன பண்ணையில் ஏற்கெனவே இருக்கிற 16,000 முட்டைக் கோழிகளோடு, மேலும் 16,000 கோழிகளுக்குக் கொட்டகை கட்ட உத்தேசம். கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் 21 நாளுக்குள் கவுன்சிலுக்கு எழுதலாம்.

"கோழிக் கொட்டகை கட்ட ஊரையே கேட்கணுமாடா?" என்றேன் நண்பனிடம்.

"கேக்காம இங்கே ஒரு செங்கல் நகராதுடா. 1947-லயே சட்டம் போட்டுட்டான்."

நாம் சுதந்திரம் வாங்கிய அதே வருஷம்! நம் நிலத்தை நம்மிடம் கொடுத்த கையோடு, தன் சொந்த ஜனங்களின் நிலத்துக்குக் கடிவாளம் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் என்று பெயர். சாராம்சம் சிம்பிள். நிலம் உன்னுடையதாக இருக்கலாம். அதில் என்ன எழும்பலாம் என்பது ஊர் சம்பந்தப்பட்ட விஷயம். விவசாயக் கட்டடங்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால், ஆடு மாடு கோழி அடைக்கிற கட்டடம் அடுத்தவர் வீட்டிலிருந்து 400 மீட்டருக்குள் வந்தால் சலுகை கட். முறைப்படி மனுப் போட வேண்டும். ஆயிரம் சதுர மீட்டரைத் தொட்டால் அது 'மேஜர்' கேஸ். முடிவு சொல்ல 13 வாரம் கெடு.

கோழி அடைகாக்க 21 நாள். ஊர் ஆட்சேபணைக்கும் 21 நாள். யாரோ ரசித்துத்தான் சட்டம் எழுதியிருக்கிறார்கள்.

* * *

நண்பன் என்னோடு பி.காம். படித்தவன். மனைவிக்கு ஹெர்ஃபோர்டில் நர்ஸ் வேலை. இவனும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போய், ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறான். டவுனில் வாடகை கட்டுபடியாகவில்லை என்று கிராமத்தில் வீடு பிடித்திருக்கிறான்.

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் ஹெர்ஃபோர்ட். ஸ்டேஷனிலிருந்து நேராக என்னை வை நதிப் பாலத்துக்குக் கூட்டிப்போனான். 1490-ல் கட்டிய கல் பாலம். இன்னும் அசையாமல் நிற்கிறது. வேல்ஸ் மலையில் பிறந்து, 250 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடி, செவர்ன் நதியில் சேர்கிறது வை. ஜூன் மாதம். கரையெல்லாம் பச்சை, மரமெல்லாம் பச்சை, தண்ணீரும் பச்சை.

"என்ன பச்சைடா! பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு!" என்று சிலாகித்தேன்.

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது.

அவன் கிராமம் இருக்கிற பகுதிக்கு 'கோல்டன் வேலி' என்று பெயர். தங்கப் பள்ளத்தாக்கு! நடுவில் டோர் என்று ஒரு ஆறு. நம்மூர் வாய்க்கால் சைஸ்தான். வேல்ஸ் மொழியில் தண்ணீருக்கு ஏறக்குறைய 'தூர்' என்று உச்சரிப்பு. பிரெஞ்சு பேசியவர்கள் அதைத் தங்கம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள் என்று சொல்கிறார்கள். தண்ணீரைத் தங்கம் என்று புரிந்துகொண்டது தப்பாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பக்கமும் சரிவான மலை. சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாக ஹெர்ஃபோர்ட் மாடுகள். சைடர் போடுகிற ஆப்பிள் தோப்புகள். மேட்டில் 5,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு கல்லறை. 'ஆர்தர் கல்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு யார் நோட்டீஸ் ஒட்டினார்களோ தெரியாது.

* * *

மறுநாள் நண்பன் என்னைப் பண்ணைக்கே அழைத்துப் போனான். பண்ணைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். உள்ளே போவதற்குமுன் எங்கள் செருப்பை மாற்றச் சொல்லி, மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வைத்தார். கோயிலுக்குள் நுழைகிற மாதிரிதான். பறவைக் காய்ச்சல் பயம்.

"இந்தியாவிலிருந்தா? அப்படியானால் கோழிகள் எல்லாம் உங்கள் பக்கத்து ஆட்கள்தான்" என்று கை கொடுத்தார்.

ஜோக் இல்லை, நிஜம். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை தெற்காசிய, தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. கோழித் தோலின் மஞ்சள் நிறம் மட்டும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழியின் சீதனம் என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள். காட்டுப் பிறவி என்பதால்தான் திறந்தவெளி என்றால் கோழிக்கு உதறல். மேலே பருந்து சுற்றுமே! அதனால் பண்ணைக்காரர் மேய்ச்சல் நிலமெங்கும் மரம் நட்டிருக்கிறார். நிழல் இருந்தால்தான் மகாராணிகள் வெளியே வருவார்கள்.

இது 'ஃப்ரீ ரேஞ்ச்' பண்ணை. அதாவது, கூண்டு கிடையாது. பகலில் வெளியே மேயலாம். அதற்கும் அளவு இருக்கிறது. வெளியே ஹெக்டேருக்கு 2,500 கோழிக்கு மேல் கூடாது. உள்ளே சதுர மீட்டருக்கு 9-க்கு மேல் கூடாது. கொட்டகையின் பக்கச்சுவரில் கோழி வாசல்கள்: 35 சென்டிமீட்டர் உயரம், 40 சென்டிமீட்டர் அகலம், ஆயிரம் கோழிக்கு மொத்தம் 2 மீட்டர் வாசல். என் ஆபீஸில் நாற்பது பேருக்கு ஒரு லிஃப்ட். யார் கொடுத்து வைத்தவர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

நாமக்கல் பக்கம் கூண்டுக் கொட்டகைகளைப் பார்த்த கண்ணுக்கு இது தேன்நிலவு. அங்கும் ஒரு காலத்தில் கூண்டுதான். பழைய மாடல் சின்னக் கூண்டுகளுக்கு 2012 ஜனவரி 1 முதல் தடை வந்தது. முட்டை மேலேயே நம்பர் அச்சடிக்கிறார்கள்: 0 என்றால் ஆர்கானிக், 1 ஃப்ரீ ரேஞ்ச், 2 கொட்டகைக்குள் உலவியது, 3 கூண்டு. ஜனங்களும் நம்பர் பார்த்து வாங்கப் பழகிவிட்டார்கள். இன்று அந்த நாட்டு முட்டையில் பாதிக்கு மேல் ஃப்ரீ ரேஞ்ச்தான்.

வியாபாரம் ஜோராக இருக்குமே என்றேன். பண்ணைக்காரர் சிரித்தார். பறவைக் காய்ச்சல் வந்தால் கோழிகளை உள்ளே அடைக்கச் சொல்லி உத்தரவு வரும். 16 வாரத்துக்கு மேல் அடைந்து கிடந்தால், பழைய விதிப்படி அந்த முட்டையை ஃப்ரீ ரேஞ்ச் என்று விற்கக் கூடாது. 2022 மார்ச்சில் அப்படித்தான் கடைகளில் பெயர் பறிபோனது. 2025 ஜனவரி கடைசியில் இங்கிலாந்தில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். தீவனம், கரன்ட், வட்டி என்று மற்றதெல்லாம் ஏறுமுகம்.

"இந்த ஒரு கொட்டகை ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கிறது" என்றார். தூரத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞனைக் காட்டினார். "அவனுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். இரண்டு குடும்பத்துக்கு இது காணாது. இரண்டாவது கொட்டகை வந்தால் இருப்பான். வராவிட்டால் பிர்மிங்ஹாமில் ஏதாவது கிடங்கில் வேலைக்குப் போவான். பிறகு இந்த நிலத்தை யார் பார்ப்பார்கள்?"

கிடங்கு என்றதும் என் நண்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் சோழவந்தான் பக்கம் மூன்று ஏக்கர் உண்டு. யாரும் பார்ப்பதில்லை.

பண்ணைக்காரருக்கு இடமும் இருந்தது. 32,000 கோழிக்கு 12.8 ஹெக்டேர், அதாவது கிட்டத்தட்ட 32 ஏக்கர் மேய்ச்சல். கணக்கு டாலி. நான் மனசுக்குள் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திவிட்டேன்.

* * *

முத்திரை காய்வதற்குள் டீச்சரம்மா வந்துவிட்டார்.

நண்பனின் பக்கத்து வீட்டுக்காரர். பூகோளம் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். எழுபது வயசுக்கு மேல். கம்பத்து நோட்டீஸுக்கு எதிராகக் கைப்பட நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். "நதியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"பார்த்தேன் மேடம். பச்சைப் பசேல் என்று அழகாக இருந்தது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஹோம்வொர்க் செய்யாத பையனைப் பார்க்கிற பார்வை.

"அந்தப் பச்சைதான் வியாதி" என்றார்.

வகுப்பு ஆரம்பமானது. கோழி சாப்பிடுவது கோதுமையும் சோயாவும். சோயா கடல் தாண்டி வருகிறது. தானியத்தில் பாஸ்பரஸ் உண்டு. அதில் பெரும்பகுதியைக் கோழி வயிற்றால் ஜீரணிக்க முடியாது. தீவனத்தில் என்சைம் கலந்து கொஞ்சம் குறைக்கலாம். மீதி எச்சத்தோடு வெளியே வரும். எச்சம் நல்ல எரு. வயலில் போடுகிறார்கள். பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணிலேயே தங்குகிறது. வருஷா வருஷம் தங்குகிறது. மழை பெய்தால் மண்ணோடு கரைந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து நதிக்கு. வெயில் காலத்தில் பாசிக்குத் தீபாவளி! பாசி தண்ணீரை மூடிவிட்டால், அடியில் வளர்கிற செடிக்கு வெளிச்சம் கிடையாது. பாசி செத்து அழுகினால், மீனுக்குக் காற்று கிடையாது.

"நான் இளவயதில் வந்தபோது ஜூனில் நதி முழுக்க வெள்ளைப் பூ மிதக்கும். தண்ணீருக்குள் வேர் விட்டு, மேலே பூக்கிற செடி. சால்மன் குஞ்சுகளுக்கு அதுதான் வீடு. இப்போது தேடிப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்றார். 2023-ல் அரசாங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பே வை நதிக்கு 'மோசம், மேலும் சரிகிறது' என்று மார்க் போட்டுவிட்டதாம்.

"பண்ணைக்காரர் டவுன் சாக்கடையும் கலக்கிறது என்கிறாரே?"

"கலக்கிறது. பொய் சொல்ல மாட்டார். ஆனால் வை நதியில் பெரும்பங்கு வயலிலிருந்துதான் வருகிறது."

இங்கேதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. முட்டைக் கோழி ஒன்று நாளைக்குக் குறைந்தது நூறு கிராம் எச்சம் போடும். கஞ்சத்தனமாக அதையே வைத்துக்கொள்வோம். 32,000 கோழிக்கு நாளைக்கு 3.2 டன். வருஷத்துக்கு 1,100 டன்னுக்கு மேல். இது ஒரு பண்ணை! வை நதிக்குத் தண்ணீர் வடிகிற பிரதேசம் முழுக்கச் சேர்த்தால் 2 கோடிக்கு மேல் கோழிகள் என்று மதிப்பீடு. பெரும்பாலும் கறிக்கோழி, மேல்பக்கம் வேல்ஸ் மலைகளில் ஃப்ரீ ரேஞ்ச் பண்ணைகள் நிறைய. ஹெர்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் ஜனத்தொகை 2 லட்சம்கூட இல்லை.

மனசுக்குள் குத்திய முத்திரையை எச்சில் தொட்டு அழிக்க ஆரம்பித்தேன்.

* * *

அன்று சாயங்காலம் கிராம மண்டபத்தில் கூட்டம். பாரிஷ் கவுன்சில் என்பது நம்மூர்ப் பஞ்சாயத்துக்குத் தம்பி மாதிரி. கருத்து சொல்லலாம், முடிவெடுக்க முடியாது. முடிவு ஹெர்ஃபோர்டில் இருக்கிற மாவட்ட கவுன்சிலுடையது. ஆனாலும் ஊரே வந்திருந்தது. டீ, பிஸ்கட், அறுபது நாற்காலி. பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். தாண்டினால் தலைவர் டீ கப்பை ஸ்பூனால் தட்டுகிறார். நம் மேடைகளுக்கு அவசியம் இறக்குமதி செய்ய வேண்டிய ஸ்பூன்!

முதலில் எழுந்தவர் லண்டனிலிருந்து வந்து குடியேறியவர். "என் ஜன்னல் காட்சி கெடும். என் வீட்டு விலை குறையும்" என்றார். கவுன்சிலர் ஒருவர் பணிவாகச் சொன்னார்: "மன்னிக்கணும். இரண்டும் செல்லாது." அந்த ஊர்ச் சட்டத்தில், உங்கள் ஜன்னல் காட்சியோ வீட்டு விலையோ பிளானிங்குக்குக் காரணமே அல்ல. நாற்றம், சத்தம், லாரி, சந்தின் அகலம், மலைச்சரிவின் தோற்றம், நதி - இவையெல்லாம் செல்லும். வயிற்றெரிச்சல் செல்லாது.

அடுத்தவர் லாரி பற்றிப் பேசினார். நியாயம், அந்தச் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தாலே ஒன்று ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இன்னொருவர் ஈ பற்றி. ஒரு பெண்மணி, "ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். இளம் குடும்பம் ஒன்று தங்கட்டுமே" என்றார். கைதட்டல். அவரே, "ஆனால் காற்று எங்கள் வீட்டுப் பக்கம்தான் அடிக்கும்" என்று முடித்தார். அதற்கும் கைதட்டல்.

டீச்சரம்மா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொட்டகை எங்கே வரும் என்று வரைபடத்தில் இருக்கிறது. எரு எங்கே போகும்?"

பண்ணைக்காரரின் மகன் எழுந்தான். "பாதி எங்கள் வயலுக்கு. மீதியை வெளியே கொடுத்துவிடுவோம்."

"வெளியே என்றால்?"

பையனிடம் பதில் இல்லை. அப்பா தரையைப் பார்த்தார். மண்டபத்தில் பிஸ்கட் கடிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது.

டீச்சரம்மாவின் கேள்வி சின்னது. ஆனால் கோர்ட்டில் ஜெயித்த கேள்வி. பக்கத்து ஷ்ராப்ஷயரில் ஒரு பெரிய கோழிப் பண்ணைக்குக் கவுன்சில் கொடுத்த அனுமதியை 2019-ல் அப்பீல் கோர்ட் ரத்து செய்தது. பண்ணைக்கு வெளியே கொண்டுபோய் எருவைக் கொட்டினால் வரும் நாற்றத்தையும் தூசியையும் சரியாக எடை போடவில்லை என்பது காரணம். அதே ஷ்ராப்ஷயரில் இன்னொரு பண்ணை. சுமார் 2 லட்சம் கறிக்கோழிகளுக்கான அனுமதி. அதையும் 2025-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த முறையும் எரு போகிற வழியைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் முக்கியமான குறை. ஹெர்ஃபோர்ட்ஷயரில் வேறு கூத்து. கோழி எச்சம் செல்வமா, கழிவா என்று விவசாயிகள் சங்கமும் கவுன்சிலும் மோதிக்கொண்டன. கழிவாகவும் கருதலாம் என்று கவுன்சில் பக்கம் 2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. நம் தாத்தாக்கள் கேட்டால் மயக்கம் போட்டு விழுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனு தள்ளுபடியானால் பண்ணைக்காரர் அப்பீல் போகலாம். அனுமதி கிடைத்துவிட்டால் ஊர்க்காரர்களுக்கு அப்பீல் கிடையாது. ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றப் படியேறி, சட்டப்படி தப்பு நடந்தது என்று காட்டினால்தான் உண்டு. அதற்கு முட்டை விற்ற காசு போதாது.

ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 3, எதிர்ப்பு 4.

* * *

ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜூன் மாதத்தில் அங்கே ஒன்பதரை மணிவரை வெளிச்சம் வேறு.

ஆபீஸில் வவுச்சர் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒவ்வொரு வவுச்சரும் சரியாக இருக்கும். தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும், தொகை நியாயமாக இருக்கும். வருஷக் கடைசியில் பார்த்தால் கம்பெனி நஷ்டத்தில் இருக்கும். எந்த வவுச்சரைக் குற்றம் சொல்வீர்கள்?

இந்தப் பண்ணைக்காரர் ஒரு வவுச்சர். மரம் நட்டிருக்கிறார், வாசல் வைத்திருக்கிறார், மகனைத் தங்க வைக்கப் பார்க்கிறார். எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு முன்னால் வந்தவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு வவுச்சராக வந்தார்கள். பாலன்ஸ் ஷீட்டை மட்டும் நதி எழுதிக்கொண்டிருந்தது. கடைசியில் அது நிறைந்து வழிந்தபோது அடி விழுந்தது வேறு இடத்தில். ஹெர்ஃபோர்டுக்கு வடக்கே, வை நதியில் சேர்கிற லக் ஆற்றின் வடிகால் பகுதியில், 2019-லிருந்து பல வருஷம் புது வீடுகளுக்கான அனுமதி முடங்கிக் கிடந்தது. இனி ஒரு சொட்டு பாஸ்பேட்டுக்கும் இடமில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கோழி போட்ட கணக்குக்கும் சேர்த்து வீடு கட்ட வந்தவன் வட்டி கட்டினான்.

அந்த 'கோழி'யில் நாமும் உண்டு. கூண்டு வேண்டாம், மேய்ச்சல் முட்டைதான் வேண்டும் என்று கடையில் நம்பர் பார்த்து எடுக்கிற ஒவ்வொருவரும் ஒரு கொட்டகைக்குக் கையெழுத்துப் போடுகிறோம். கொட்டகை மட்டும் நம் தெருவில் வரக் கூடாது. கோழிக்குச் சுதந்திரம் கேட்டது நல்ல காரியம். கோழியின் எச்சத்துக்குப் போக்கிடம் கேட்பதும் அதே காரியத்தின் மறுபாதி. முதல் பாதியை முட்டை மேல் அச்சடித்துவிட்டார்கள். மறுபாதிக்கு இன்னும் நம்பர் இல்லை.

இதை எழுதும்போது நண்பனுக்குப் போன் போட்டேன். ஃபைல் இன்னும் நகரவில்லையாம். எரு எங்கே போகும் என்று விவரம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்களாம். பையன் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறானாம். டீச்சரம்மா அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யாரிடமும் பேசவில்லையாம்.

கிளம்பிய அன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பண்ணை வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே முட்டை அட்டைகள், பக்கத்தில் ஒரு தகர டப்பா. ஆள் கிடையாது. நாமே முட்டை எடுத்துக்கொண்டு டப்பாவில் காசு போட வேண்டும். ரயிலுக்கு முன் ஆம்லெட் போடலாம் என்று நண்பனோடு போனேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் நின்று, சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சரம்மா!

எங்களைப் பார்த்ததும் லேசாக முகம் சிவந்தது. "முட்டை நல்ல முட்டை. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை" என்று சொல்லிவிட்டு, அரை டஜனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். தூரத்தில் பண்ணைக்காரர் கை ஆட்டினார். இவரும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்து நண்பன் அடுப்பைப் பற்ற வைத்தான்.

"சிங்கிளா, டபுளாடா?"

"சிங்கிளே போதும்டா. டபுளுக்கு இன்னும் பெர்மிஷன் வரலை."